நிற்கும் உரிமையும் காக்கும் கடமையும்

நிற்பதும் அமர்வதும் உடம்பின் இரண்டு நிலைகளே. எனினும் நம் மக்களிடையே அவை அவ்வளவோடு முடிந்துவிடவில்லை. இன்னார் முன் இன்னார் அமரலாகாது என்று வகுத்து வைத்த ஒரு சமூகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் மக்கள் நாம். பத்து பாகாட்டைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களிலே, விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுத்தவர்களும், ஆபீசு வாயிலில் துரையின் முகம் பார்த்துக் கைகட்டி நின்றவர்களும் நம் பாட்டன் பாட்டிமாரே. சீர்திருத்தம் பேசிய பெரியோர் முதற்கண் கேட்டவற்றுள் ஒன்று, எல்லோரும் சமமாக அமர வேண்டும் என்பது. சமபந்தி போஜனம் எழுந்ததும் அதன் பொருட்டே.

இத்தகைய நமக்கு, காற்பந்து அரங்குகளில் நின்று பார்க்கும் உரிமை வேண்டுமென்று இங்கிலாந்து நாட்டு ரசிகர்கள் பல்லாண்டு வாதாடி 2022ஆம் ஆண்டில் அதனைப் பெற்றார்கள் என்ற செய்தி விந்தையாகத் தோன்றுதல் இயல்பே. "நாற்காலி இருக்க, நிற்பதற்கும் ஒரு கிளர்ச்சியா?" என்று நம்மில் சிலர் நகைக்கவும் கூடும். ஆனால் இஃது நகைத்துத் தள்ளத்தக்கதன்று. ஒருவனுடைய உயிரைக் காப்பதற்காக அவனுடைய விருப்பத்தை எவ்வளவு தூரம் தடுக்கலாம் என்னும் அறக் கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது. அதனையே இங்கு நாம் ஆராயப் புகுகின்றோம்.

முதலில் நடந்தது இன்னதென அறிதல் வேண்டும். 1989 ஏப்ரல் 15ஆம் நாள், ஷெபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல் குழுவுக்கும் நாட்டிங்காம் பாரஸ்ட் குழுவுக்கும் ஆட்டம். நின்று பார்ப்போருக்குரிய மேடை, ஆடுமாடுகளை அடைக்கும் பட்டிகளைப் போல இரும்புக் கம்பிகளால் பல அடைப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முன்புறத்தில் மைதானத்திற்குள் எவரும் இறங்காதபடி உயர்ந்த வேலி. வெளியே நெருக்கடி மிகவே, போலீசார் ஒரு பெருங்கதவைத் திறந்துவிட்டனர். உள்ளே புகுந்தவர்கள், எதிரே தெரிந்த சுரங்க வழியாக, ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடு அடைப்புகளுக்குள் சென்றனர். பக்கத்து அடைப்புகளில் இடம் இருந்தது. அங்கே செல்லுமாறு வழிகாட்ட எவரும் இல்லை. மாண்டவர் 97 பேர். அவர்களுள் கடைசியானவர் 32 ஆண்டுகள் அந்தக் காயத்தோடு வாழ்ந்து 2021இல் உயிர் நீத்தார்.

இதன்பின் நிகழ்ந்தது இன்னும் கொடிது. இறந்தவர்களும் அவர்தம் தோழர்களும் குடித்து வந்து கூச்சலிட்டதே காரணம் என்று போலீசார் தரப்பில் சொல்லப்பட்டது. இலண்டன் நாளேடு ஒன்று அதனை முதற்பக்கத்தில் அச்சிட்டது. விசாரணை நடத்திய நீதிபதி டெய்லர், போலீசாரின் கட்டுப்பாடு தவறியதே முதன்மையான காரணம் என்று அவ்வாண்டே எழுதினார். அப்படியிருந்தும், இறந்தோர் சட்டத்திற்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர், ரசிகர்கள்மீது குற்றமில்லை என்று ஜூரிகள் தீர்ப்புரைக்க 2016ஆம் ஆண்டு வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏழை செத்தால் அவன் குணமே அவனைக் கொன்றது என்று சொல்லும் வழக்கம் எந்த நாட்டிற்கும் புதிதன்று. கள்ளுக்கடைப் பழியை எல்லாத் துன்பத்திற்கும் காரணமாகக் கேட்டுப் பழகிய தோட்ட மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நிற்க. நீதிபதி டெய்லர் 1990இல் வெளியிட்ட இறுதி அறிக்கையில் அரங்குகளை முற்றிலும் நாற்காலி அரங்குகளாக மாற்றும்படி பரிந்துரைத்தார். 1994 முதல், இங்கிலாந்தின் முதலிரண்டு பிரிவுகளில் அதுவே விதியாயிற்று. அவ்விதி நன்மை செய்யவில்லை என்று நாம் கூறோம். வேலிகள் அகன்றன, ஆட்களின் தொகை அளவுக்கு வந்தது, பெண்டிரும் சிறுவரும் அஞ்சாது செல்லலாயினர். ஹில்ஸ்பரோவைப் போன்ற பேரிடர் அந்நாட்டு அரங்குகளில் மீண்டும் நிகழவில்லை.

ஆயினும் இரண்டு குறைகள் தோன்றின. ஒன்று, நாற்காலியின் முன் மக்கள் நிற்பதை எவராலும் தடுக்க முடியவில்லை. ஆட்டம் சூடேறியதும் எழுந்தவர்கள் அமரவேயில்லை. முழங்கால் அளவே உயர்ந்த நாற்காலி முதுகு, முன்னே சாய்பவனைத் தாங்குவதில்லை. அவனை இடறி முன்வரிசையின்மேல் வீழ்த்துகிறது. காக்க வந்த பொருளே இடராயிற்று. மற்றொன்று, விலை. கிளாஸ்கோ நகரத்து அரங்கொன்றில் நாற்காலிக்கு 6 பவுன், நிற்குமிடத்திற்கு 4 பவுன் என்றிருந்ததைக் காட்டி, நாற்காலியால் ஏழைக்குப் பெருஞ்சுமை நேராது என்று டெய்லர் கருதினார். நடந்தது வேறு. விலை பன்மடங்கு ஏறிற்று. தந்தையும் பாட்டனும் நின்று பார்த்த இடத்திற்கு மகன் போக முடியவில்லை.

இப்போது அனுமதிக்கப்பட்டிருக்கும் முறைக்குப் 'பாதுகாப்பான நிற்குமிடம்' என்று பெயர். பழைய மேடையை அப்படியே திருப்பித் தருவதன்று அது. வரிசைதோறும் இடுப்பளவு உயரத்தில் உறுதியான கம்பி; கம்பியோடு இணைந்து மடித்துப் பூட்டத்தக்க நாற்காலி; ஒரு டிக்கட்டுக்கு ஓர் ஆள், ஓர் ஆளுக்கு ஓர் இடம். பின்னிருந்து தள்ளினாலும் அலை முன்வரிசைக்குப் பரவாது. ஏறியிறங்கும் படிகள் வெறுமையாகக் காக்கப்படும். ஜெர்மனி தேசம் நிற்குமிடங்களை முற்றும் ஒழிக்காமல் ஒழுங்குபடுத்தி வைத்துக்கொண்டது. டோர்ட்முண்டு நகரத்தின் தென்மேடையில் ஏறக்குறைய 25,000 பேர் நின்று பார்க்கின்றனர். ஸ்காட்லாந்தின் செல்டிக் குழு 2016இல் கம்பியிட்ட இடங்களை அமைத்தது. இங்கிலாந்தும் வேல்சும் 2022 ஜனவரியில் ஐந்து குழுக்களிடம் சோதித்துப் பார்த்து, அவ்வாண்டின் அடுத்த பருவம் முதல் அனுமதி வழங்கின.

இதனை எதிர்ப்போர் உளர். அவர்களுள் ஹில்ஸ்பரோவில் பிள்ளைகளை இழந்த தாய்மாரும் இருந்தனர் என்பதை நாம் மறைக்கலாகாது. மகனை நிற்குமிடத்தில் பறிகொடுத்த ஒரு தாய், இனி எவர் மகனும் அங்கே நிற்க வேண்டாம் என்று சொல்வாளாயின், அச்சொல்லுக்குமுன் நாம் தலைவணங்கவே வேண்டும். ஆனால் தலைவணங்கிய பின்னும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அந்த மகனைக் கொன்றது நிற்றலா?

பிற இடங்களைப் பார்ப்போம். 1985 மே 11ஆம் நாள் பிராட்போர்டு நகரத்தில் 56 பேர் தீயில் மாண்டனர். தீப்பற்றியது நாற்காலிகள் கொண்ட பழைய மரக் கட்டடத்திலே. பின்பக்கத்து வழிகள் பல அடைபட்டிருந்தன. கல்கத்தா ஈடன் தோட்ட அரங்கில் 1980 ஆகஸ்டு 16ஆம் நாள், கிழக்கு வங்கக் குழுவுக்கும் மோகன் பகானுக்கும் நடந்த ஆட்டத்தில் மேடையில் மூண்ட கலவரமும் நெரிசலும் 16 உயிர்களைக் குடித்தன. நமக்கு அண்டை நாடான இந்தோனேசியாவில், மாலாங் மாவட்டத்துக் கஞ்சுருகான் அரங்கில், 2022 அக்டோபர் 1ஆம் நாள் இரவு, போலீசார் மேடைகளை நோக்கிக் கண்ணீர்ப் புகையை எறிந்தனர். திணறி ஓடியவர்கள் குறுகிய வாயில்களில் நெரிந்தனர்; 135 பேர் மடிந்தனர். இவற்றையெல்லாம் சேர்த்து நோக்குமிடத்து, மக்களைக் கொன்றது அவர்கள் நின்றதோ அமர்ந்ததோ அன்று. எத்தனை பேர் உள்ளே இருக்கின்றனர், அவர்கள் எவ்வழி வெளியேறுவர் என்பதைப் பொறுப்புடையோர் எண்ணிப் பாராததே கொன்றது. ஜனங்களைக் காக்கவேண்டிய கூட்டமாகக் கருதாமல், அடக்கவேண்டிய கூட்டமாகக் கருதினர் என்பதே நம் துணிபு.

இனி நம்மூருக்கு வருவோம். பத்து பாகாட்டு வாலிபர்கள் ஜொகூர் டாருல் தக்சிம் குழுவின் ஆட்டத்தைக் காண, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைக் கடந்து செல்கின்றனர். முன்பு லார்க்கின் அரங்கு; 2020 முதல் இஸ்கந்தர் புத்திரியிலுள்ள சுல்தான் இப்ராகிம் அரங்கு. இது சுமார் 40,000 பேருக்கு இடமுள்ளது. கோலுக்குப் பின்னாலிருந்து கொடியாட்டிப் பாடும் இளைஞர் நின்றுகொண்டே பாடுகின்றனர். அவர்களுக்கு அமரத் தெரியாதென்பதில்லை. அமர்ந்த வாயிலிருந்து அந்தப் பாட்டு வராது. ஆகவே இக்கேள்வி சீமைக் கேள்வி மட்டுமன்று. அவர்கள் அமர்ந்திருப்பதாகப் பாவித்து வாளாவிருப்பதா, நிற்கிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டு அந்நிலைக்கேற்ற காவலைச் செய்வதா?

நாம் பின்னதையே நியாயமென்போம். நம்முடைய பழைய தோட்டத் திடல்களே இதற்குச் சான்று. காலையில் பெரட்டுக்கு நின்ற அதே கால்கள், மாலையில் பந்தாட்டம் பார்க்கக் கோட்டைச் சுற்றி நின்றன. காலையில் நின்றது பிறன் ஏவலால். மாலையில் நின்றது தன் விருப்பால். காலையில் கூலிக்கு ஆள் எண்ணினார்கள்; மாலையில் நின்றவனை எவரும் எண்ணவில்லை; அவன் மட்டுமே தன்னை மனிதனாக எண்ணிக்கொண்டான். நிற்பதில் இழிவில்லை, நிற்க வைப்பதிலேதான் இழிவுண்டு. அவ்வாறே, அமர்வதில் பெருமையில்லை, அமர இடமிருந்தும் மறுக்கப்படாமையிலேதான் பெருமையுண்டு. நாம் கேட்ட சமத்துவம் நாற்காலிக்காக அன்று. நாற்காலியில் அமர்வதா எழுவதா என்பதைத் தானே தீர்மானிக்கும் நிலைக்காக.

அந்நிலை காவலின்றி அமையாது. விரும்பி நிற்பவனையும் நெரிசல் கொல்லும். ஆதலின் நாம் கேட்கத்தக்கவை நான்கு. ஒவ்வொருவருக்கும் எண்ணி வகுத்த ஓர் இடம் வேண்டும். வெளியேறும் கதவு ஆட்டம் முடியும் வரையில் பூட்டப்படலாகாது. முதியோர்க்கும் சிறுவர்க்கும், அமர விரும்பும் எவர்க்கும் தடையற்ற நாற்காலி வேண்டும். நிற்குமிடத்தின் விலை உழைப்பாளியின் ஒருநாட் கூலிக்குள் அடங்க வேண்டும். இவற்றுள் முதலிரண்டும் இல்லாத இடத்தில், நிற்கும் உரிமையென்பது சாகும் உரிமையாக முடியும். பின்னிரண்டும் இல்லாத இடத்தில், பாதுகாப்பென்பது ஏழையை வெளியே நிறுத்தும் வேலியாக முடியும்.

அரங்கத்தாரை இவ்வாறு கேட்குமுன் நம் கைக்கெட்டிய இடத்தில் தொடங்குதல் நலம். நம் கோயில் திருவிழாக்களிலும் பொதுக்கூட்டங்களிலும் நம் பெண்டு பிள்ளைகள் நின்றே காண்கின்றனர். பந்தலில் எத்தனை பேர் கொள்ளும், பின்வழி திறந்திருக்கிறதா என்று முன்னதாகப் பார்த்த நிர்வாகிகள் நம்முள் எத்தனை பேர்? இவ்வாண்டு விழாவுக்குப் பந்தல்கால் நடுமுன், ஊர்ப் பெரியவர்களும் வாலிபர் சங்கத்தாரும் ஒருமுறை அவ்விடத்தை நடந்து அளந்து வருவார்களாக.