கணக்கு முடிந்ததா?

ஒவ்வொரு ஜூலை 23-ம் தேதியும் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் தாமிரபரணியில் பூப் போடுவார்கள். ஒரு கட்சி வந்து போனதும் அடுத்த கட்சி வரும். கரை வேட்டிகள்தான் மாறும், பூ அதே பூதான்.

1999-ல் அதே தேதியில் அங்கே 17 பேர் செத்தார்கள். மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு வேண்டும், ஏற்கெனவே ஜெயிலில் கிடந்த 652 பேரை விட வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போன ஊர்வலம். தடியடி நடந்தது. ஒரு பக்கம் போலீஸ், இன்னொரு பக்கம் ஆறு. ஆற்றில் இறங்கியவர்களில் பலர் கரையேறவில்லை. இறந்தவர்களில் ஒரு குழந்தையும் உண்டு.

ஊர்வலத்தை முன்னின்று நடத்தியது டாக்டர் கிருஷ்ணசாமியின் புதிய தமிழகம். அப்போது அது நிஜமாகவே புதிய கட்சி. அவர்கள் கேட்டது எவ்வளவு சின்ன விஷயம் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் மனசில் நிற்கிறது. தோட்டத்தை எங்களிடம் கொடு என்று கேட்கவில்லை. கம்பெனி லாபம் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. இலை பறிக்கிற கைக்கு இன்னும் கொஞ்சம் காசு, அவ்வளவுதான். சந்தைக்குள் நின்றுகொண்டு சந்தையின் பாஷையிலேயே கேட்டார்கள். அதற்கே அந்த விலை.

பூப் போட்டதைப் பார்த்துவிட்டு, அந்த வார ஞாயிற்றுக்கிழமை கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். அங்கே எனக்கொரு நண்பர் அப்பளத் தொழில் செய்கிறார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் இட்டுத் தருகிறார்கள். கிலோக் கணக்கில் கூலி. வெயில் உண்டென்றால் வேலை உண்டு. ஞாயிறென்று வெயில் லீவு போடுமா? அன்றைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

பேச்சு மாஞ்சோலைக்குப் போயிற்று. இங்கிருந்து பார்த்தால் தெரிகிற மலைதானே. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனிடம் கொடுத்தது. காடு தேயிலைத் தோட்டமானது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஊர்கள் உண்டாயின. பிற்பாடு ஜமீன் ஒழிந்தது, நிலம் அரசாங்கத்துக்கு வந்தது, குத்தகை மட்டும் தொடர்ந்தது. அது 2028-ல் முடிகிறது. அதற்கு முன்னாலேயே, 2024-ல், கம்பெனி விருப்ப ஓய்வு என்று சொல்லி வேலையை நிறுத்திக்கொண்டது. அரசாங்கமே தோட்டத்தை எடுத்து நடத்த வேண்டும் என்று தொழிலாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த டிசம்பரில் ஹைகோர்ட் அதை ஏற்கவில்லை, மறுவாழ்வுக்கு வழி செய்யச் சொன்னது.

நிலம் அரசாங்கத்துடையது. லைன் வீடு கம்பெனி கட்டியது. சுற்றிலும் புலிகள் காப்பகம். மூன்று நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே செத்தவர்களுக்கு, 'என்னுடையது' என்று சொல்லிக்கொள்ள மாசச் சம்பளம் ஒன்றுதான் இருந்தது. அதுவும் நின்றுபோனது.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு கேக்கேன், கோவப்படாதிய" என்றார் நண்பர். "கூலி பேசித்தான வேலைக்கு வந்தாவ? பேசுனதைக் குடுத்தாச்சு. போகும்போது ஒரு தொகையும் குடுத்தாச்சு. கணக்கு முடிஞ்சுது. பொறவு என்ன பாவம், பழி? நாளைக்கு எனக்கே முடியல, பட்டறையை மூடுதேன்னு வைங்க. இந்தப் பொம்பளையளுக்கு நான் வீடு கட்டிக் குடுக்கணுமோ?"

நல்ல மனுஷர்தான். விதண்டாவாதம் பண்ணுகிறவர் இல்லை. அவர் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. கடையைத் திறந்தவன் மூடவே கூடாது என்று யாரும் சட்டம் போட முடியாது. காடு திரும்பக் காடாக வேண்டும் என்பதிலும் எனக்குச் சம்மதமே. தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிறவன் வேறு எப்படிப் பேச முடியும்?

ஆனால் அந்த 'கணக்கு முடிஞ்சுது' என்ற வார்த்தைதான் இடிக்கிறது. கூலி என்பது இன்றைக்குச் செய்த வேலைக்கு விலை. நாளைக்கு அந்த மலைச் சரிவுக்கு ஒரு மதிப்பு இருக்கிறதே, அது நேற்றைய கைகள் போட்டது இல்லையா? அந்த வரவு எந்தப் பேரேட்டில் எழுதியிருக்கிறது?

நண்பரிடம் வ.உ.சி.யைச் சொன்னேன். கிருஷ்ணசாமி 1996-ல் எம்.எல்.ஏ. ஆன அதே ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து, 25 ரூபாய்க்கு ஒரு பங்கு என்று ஊர் ஊராக விற்றார். வெள்ளைக்காரக் கம்பெனியோடு கட்டணப் போட்டி போட்டார். சுத்தமான வியாபாரம். அதே மனுஷர் 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்துக்கு முன்னால் நின்றார். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. அடுத்த சில நாளில் அவரைக் கைது செய்தார்கள், திருநெல்வேலி பற்றி எரிந்தது.

"அப்போ அவுக முதலாளி கட்சியா, தொழிலாளி கட்சியா?" என்றார் நண்பர்.

ரெண்டும் என்றுதான் சொல்லத் தோன்றியது. ஒரு கையில் பங்குப் பத்திரம், ஒரு கையில் கோரிக்கை மனு. நம்மூரில் அப்புறம் வந்த கட்சிகள் மனுவை மட்டும் எடுத்துக்கொண்டன. பங்கு பணக்காரன் சமாசாரம் என்று விட்டுவிட்டார்கள். மனு மட்டும் உள்ள கட்சிக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. கேட்டது கிடைத்தால் கட்சிக்கும் கணக்கு முடிந்துவிடுகிறது. 1951-ல் ராமசாமி படையாட்சியார் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி என்று ஒன்று தொடங்கினார். அடுத்த வருஷத் தேர்தலில் 19 இடம். 1954-ல் அவர் காமராஜர் மந்திரிசபையில் மந்திரி, கட்சி காங்கிரஸில் கரைந்துவிட்டது. பெயர் உழைப்பாளர் கட்சி என்றாலும் அதன் பலம் வன்னியர் ஓட்டுதான். புதிய தமிழகத்துக்குத் தேவேந்திரர் ஓட்டு மாதிரி. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நம் ஊரில் நாலு பேர் ஒன்றாக நிற்க, பல சமயம் சாதியை விட்டால் வேறு திண்ணை கிடைப்பதில்லை. ஆனால் அந்தத் திண்ணையில் முக்கூடலில் பீடி சுற்றுகிற பெண்ணுக்கும் மாஞ்சோலையில் இலை பறிக்கிற பெண்ணுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைக்காது.

பீடி என்றதும் ஞாபகம் வருகிறது. கூலிக்கு மேலே ஒரு வரவு என்பது என்ன என்று அந்தத் தொழிலில் பார்க்கலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அது போக, 1976-ல் கொண்டுவந்த சட்டப்படி, உற்பத்தியாகிற பீடிக்கு ஒரு சின்ன வரி வாங்கி, அதைத் தொழிலாளர் நல நிதியில் போட்டார்கள். ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப், வீடு கட்ட உதவி எல்லாம் அதிலிருந்து. சந்தை பாட்டுக்குச் சந்தையாக நடந்தது. ஒவ்வொரு கட்டு பீடியிலும் சுற்றியவளுக்கு ஒரு துளி பாத்தியதை இருந்தது. இனாம் இல்லை, சரக்கிலேயே ஒட்டிக்கொண்டு வருகிற உரிமை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரியை எடுத்துவிட்டார்கள். உதவிகள் நிற்கவில்லை, ஆனால் இப்போது பட்ஜெட்டில் ஒதுக்கினால் வருகிற பணம் அது. அதை எதிர்த்து ஆட்சியைக் கவிழ்த்துவிடுவோம் என்று ஒரு பெரிய கட்சியும் சொன்னதாக நினைவில்லை.

மாஞ்சோலையிலும் அப்படி, பறித்த கிலோ ஒவ்வொன்றுக்கும் சில பைசா அவர்கள் பேரில் தனியே சேர்ந்திருந்தால்? கீழே அம்பாசமுத்திரம் பக்கம் எல்லோருக்கும் ஒரு மனையாவது இருந்திருக்கும். கம்பெனி போகிறேன் என்றபோது, "போயிட்டு வாங்க" என்று சொல்லியிருப்பார்கள். 1999-ல் யாரும் அதைக் கேட்கவில்லை. அன்றைய பசிக்குக் கூலிதான் கண்ணில் பட்டிருக்கும். கேட்காதவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

நண்பர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. வெயில் தாழ்ந்து பெண்கள் அப்பளத்தை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்து போன் செய்தார்.

"நீங்க சொன்ன அந்த மில்லு விஷயம்தான் ஓடிக்கிட்டே இருக்கு. நம்ம பிள்ளையளுக்கும் ஞாயித்துக்கிழமை லீவு விட்டா என்னன்னு பாக்கேன். ஆனா கிலோக் கணக்குல்லா. அன்னிக்கு உள்ள காசை யாரு குடுப்பா?"

"நீங்கதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"வெலையில்லா ஏத்தணும்" என்றார். "கட்டுக்கு அஞ்சு ரூவா ஏத்துதேன். நீங்க வாங்குவியளா?"