ஞாயிற்றுக்கிழமையின் பூட்டு

1982 மே 30, ஞாயிற்றுக்கிழமை. கனடாவின் கால்கரி நகரில் 'பிக் எம் டிரக் மார்ட்' என்ற கடைக்குள் போலீஸ்காரர்கள் வந்து நின்று, யார் என்ன வாங்குகிறார்கள் என்று கவனித்தார்கள். கொஞ்சம் மளிகைச் சாமான், சில பிளாஸ்டிக் கோப்பைகள், ஒரு சைக்கிள் பூட்டு. விற்ற பொருளில் குற்றமில்லை, விலையிலும் இல்லை. விற்ற கிழமைதான் குற்றம். 1906இல் கனடிய நாடாளுமன்றம் இயற்றிய 'கர்த்தருடைய நாள் சட்டம்' ஞாயிறு வியாபாரத்தைத் தடை செய்திருந்தது.

கடவுளுக்குரிய நாளைக் காக்கும் வேலையை அரசாங்கம் ஏற்கலாமா? மூன்றாண்டுகள் கழித்து, 1985 ஏப்ரல் 24 அன்று, கனடிய உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. ஒரு மதத்தாரின் ஓய்வுநாளை எல்லோர் மேலும் சுமத்துவதே அந்தச் சட்டத்தின் நோக்கம்; ஆகவே அது மனச்சான்றின் சுதந்திரத்துக்கு எதிரானது என்று சொல்லி நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. வழக்கின் நடுவே எழுந்த ஒரு வாதம் யோசிக்க வைப்பது. பிக் எம் ஒரு கம்பெனி. கம்பெனிக்கு ஏது மதம், அது எப்படி மத சுதந்திரம் கேட்கலாம் என்று அரசுத் தரப்பு கேட்டது. செல்லாத சட்டத்தால் யாரையும் தண்டிக்க முடியாது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்ன நம்பிக்கை என்பது இங்கே கேள்வியே அல்ல என்றது நீதிமன்றம்.

தீர்ப்பு வந்த எட்டாம் நாள், மே 2 அன்று, ஒன்டாரியோ மாகாணத்தில் தேர்தல். 125 இடங்களில் கன்சர்வேடிவ்கள் 52, லிபரல்கள் 48, புதிய ஜனநாயகக் கட்சி 25. நாற்பத்திரண்டு ஆண்டு கன்சர்வேடிவ் ஆட்சி அதன்பின் சில வாரங்களில் முடிந்தது. நாளேடுகள் அதைத்தான் பேசின. அந்தத் தேர்தலில் சில தொகுதிகளில் மட்டும் நின்று ஓர் இடமும் பெறாத ஒரு புதுக் கட்சியை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அதன் பெயர் 'ஃப்ரீடம் பார்ட்டி'. 1984 புத்தாண்டு தினத்தில், லண்டன் நகரில் அதைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் லண்டன் அல்ல; ஒன்டாரியோவில், தேம்ஸ் என்றே பெயரிட்ட ஆற்றின் கரையில் உள்ள லண்டன். தொடங்கியவர்கள் ராபர்ட் மெட்ஸும் மார்க் எமரியும். எமரி அதே ஊரில் புத்தகக் கடை நடத்தியவர். எழுத்தாளர் அயன் ராண்டைப் படித்துவிட்டு, தனிமனிதனின் விருப்பத்துக்குக் காவலாக நிற்பதே அரசின் வேலை, அதற்கு மேல் அதற்கு வேலையில்லை என்ற முடிவுக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டுமென்றே கடையைத் திறந்துவைத்து, அதற்காகச் சிறைக்கும் போனார்.

இப்படிப்பட்ட கட்சிகளை வரிப்பணத்தை எண்ணுகிறவர்களின் கூட்டம் என்று தள்ளிவிடுவது வழக்கம். ஞாயிறு விஷயத்தில் அது நியாயமில்லை. கடவுளின் நாளை அரசு காக்கலாமா என்று கடவுளை நம்பாதவர்களும் சந்தையை நம்பியவர்களும் கேட்ட அந்தக் கேள்வி, உண்மையில் பக்தர்களுடைய பழைய கேள்வி.

கி.பி. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், ஞாயிறன்று நீதிபதிகளும் நகரத்தாரும் ஓய்வெடுக்கட்டும், பட்டறைகள் மூடட்டும் என்று ஆணையிட்டார். உழவர்களுக்கு மட்டும் விலக்கு. விதைப்புக்கு ஏற்ற நாளை இழக்கக் கூடாதல்லவா. அன்று தொடங்கிய உறவு இது: ஆட்சியின் கோல், கோயிலின் நாள்காட்டி. இதை ஆழமாக எதிர்த்தவர்களுள் ஒருவர் மதத்தை வெறுத்தவரல்ல, கடுமையான கிறிஸ்தவ போதகர். பெயர் ரோஜர் வில்லியம்ஸ். பத்துக் கட்டளைகளில் மனிதன் மனிதனுக்குச் செய்யும் கொலை, களவு போன்றவற்றை அரசு தண்டிக்கலாம். மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான கட்டளைகளில், ஓய்வுநாள் உட்பட, அரசு தலையிடக் கூடாது என்றார். 1635இல் மாசசூசெட்ஸ் அவரை நாடு கடத்தத் தீர்ப்பளித்தது. பனிக்காலத்தில் காடு வழியே தப்பிச் சென்று 1636இல் பிராவிடன்ஸ் குடியேற்றத்தை நிறுவினார். அபராதத்துக்குப் பயந்து முழங்காலிடுகிறவன் கடவுளை வணங்கவில்லை, அபராதத்தை வணங்குகிறான் என்பதே அவருடைய நியாயத்தின் சாரம். இந்த இடத்தில் வில்லியம்ஸும் எமரியும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். அவர்கள் சரியான பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

ஆனால் ஒன்டாரியோவின் கதை அத்துடன் முடியவில்லை. கால்கரி வழக்கில் விழுந்தது மத்திய சட்டம். ஒன்டாரியோவுக்கு 1975இல் இயற்றிய சொந்தச் சட்டம் ஒன்று இருந்தது. அது கர்த்தரின் பெயரை எடுக்கவில்லை. கடை ஊழியர்களும் குடும்பத்தோடு ஒன்றாக இருக்க வாரத்தில் எல்லோருக்கும் ஒரே ஓய்வுநாள் வேண்டும் என்றது. டொரன்டோவின் ஸ்பாடினா அவென்யூவில் ஃபர் கோட்டுகள் விற்ற பால் மேக்டரும், எட்வர்ட்ஸ் புத்தகக் கடையும், வேறு சில கடைக்காரர்களும் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1986 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. சட்டம் நின்றது.

வழக்காடியவற்றுள் ஒன்று யூத முறைப்படியான உணவுப்பொருள் விற்கும் நார்டவுன் ஃபுட்ஸ். யூதருக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். சனியன்று கடவுளுக்காகக் கடையை மூட வேண்டும், ஞாயிறன்று அரசுக்காக மூட வேண்டும். பக்கத்துக் கடைக்காரருக்கு ஆறு நாள் வியாபாரம், இவருக்கு ஐந்து. இந்த நஷ்டத்தை உண்டாக்குவது யார்? சட்டமல்ல, அவருடைய நம்பிக்கைதான். ஞாயிற்றுச் சட்டமே இல்லாவிட்டாலும் அவர் சனிக்கிழமை மூடத்தானே செய்வார் என்றார்கள் நீதிபதிகள் பீட்ஸும் மெக்கின்டயரும். கேட்பதற்குச் சரியாகத் தோன்றும் வாதம். ஆனால் சனிக்கிழமைப் பூட்டு அவர் தாமாகப் போட்டது; அந்த இழப்பை அவர் மனமுவந்து ஏற்றார். ஞாயிற்றுப் பூட்டை வேறொருவர் போட்டார். இரண்டும் ஒரே கதவில் தொங்குகின்றன என்பதால் இரண்டையும் ஒரே கை பூட்டியதாகச் சொல்ல முடியாது.

தலைமை நீதிபதி டிக்சன் இவ்வளவு தூரம் போகவில்லை. சனிக்கிழமை அனுசரிப்பவர்களின் மத சுதந்திரத்துக்கு இடையூறு உண்டு என்று ஒப்புக்கொண்டார். பொது ஓய்வு என்ற நோக்கத்துக்காக அதைப் பொறுக்கலாம் என்றார். சட்டத்திலேயே ஒரு விலக்கும் இருந்தது. சனிக்கிழமை மூடும் கடை, ஏழு பேருக்கு மேல் வேலை செய்யாமல், 5,000 சதுர அடிக்கும் குறைவாக இருந்தால், ஞாயிறு திறக்கலாம். எட்டாவது ஆளை வேலைக்கு வைத்தவரின் பக்தி குறைந்துபோய்விடுமா? ஒரே நம்பிக்கை உள்ளவர்களை அளவை வைத்து இரண்டாகப் பிரிப்பது சரியல்ல என்று நீதிபதி பெர்த்தா வில்சன் மாறுபட்டு எழுதினார். அந்தத் தீர்ப்பிலேயே மனத்தைத் தொடும் பகுதி அதுதான்.

எமரி போன்ற சுதந்திரவாதிகளின் பார்வை எட்டாத ஓர் இடமும் இங்கே உண்டு. கல்லாவுக்குப் பின்னால் நிற்பது முதலாளி மட்டுமல்ல, சிப்பந்தியும்தான். விருப்பமுள்ளவர் திறக்கட்டும், விருப்பமுள்ளவர் வேலைக்கு வரட்டும் என்கிறது அவர்கள் கொள்கை. வாடகை கட்ட வேண்டிய பெண், ஞாயிறு வர முடியாது என்று மேலாளரிடம் சொல்வது அவ்வளவு சுலபமல்ல. விவிலியத்தின் ஓய்வுநாள் கட்டளையே அவளை மறக்கவில்லை. உன் வேலைக்காரன், வேலைக்காரி, உன் எருது, உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியன், எல்லோரும் ஓயட்டும் என்கிறது அது. நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்று உபாகமம் காரணமும் சொல்கிறது. வழிபாட்டைப் பற்றிய கட்டளை போலத் தெரிவது, பாதிக்கு மேல் தொழிலாளியைப் பற்றியது. 1906 சட்டத்துக்காகப் போதகர்களோடு தொழிற்சங்கத்தாரும் சேர்ந்து குரல் கொடுத்தது தற்செயல் அல்ல.

அப்படியானால் உரிமையை எங்கே வைப்பது? கடையின் கதவில் வைத்தால் சனிக்கிழமைக்காரர் அடிபடுகிறார். முதலாளியின் கையில் மட்டும் வைத்தால் சிப்பந்தி அடிபடுகிறாள். தொழிலாளர்களின் கட்சி என்று பெயர் பெற்ற பாப் ரேயின் புதிய ஜனநாயகக் கட்சி ஆட்சிதான் 1992இல் ஒன்டாரியோவில் ஞாயிறு வியாபாரத்துக்கு வழிவிட்டது. இன்று அந்த மாகாணத்தின் தொழிலாளர் சட்டம், தன் மதநம்பிக்கையின் பொருட்டு ஞாயிறு வேலையை மறுக்கச் சில்லறைக் கடை ஊழியருக்கு உரிமை தருகிறது. பூட்டு கதவிலிருந்து இறங்கி, ஊழியர் கைக்கு ஒரு சாவியாக வந்திருக்கிறது. ஃப்ரீடம் பார்ட்டி இதை முழுதாக ஏற்காது. முதலாளிக்கும் ஊழியருக்கும் நடுவே அரசு மறுபடி வந்து நிற்கிறதே என்று சொல்லும். ஆனால் ஒருவருடைய மனச்சான்றைக் காக்க வந்து நிற்கும் அரசும், ஒருவருடைய நாள்காட்டியைத் திணிக்க வந்து நிற்கும் அரசும் ஒன்றல்ல.

1975இன் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சாதாரண ஞாயிறுகள் விடுபட்டுவிட்டன. பெரிய வெள்ளியும் ஈஸ்டர் ஞாயிறும் கிறிஸ்துமஸும் கடையடைக்க வேண்டிய நாள்களின் பட்டியலில் இருக்கின்றன. யூதரின் பஸ்கா அதில் இல்லை. ஈதும் தீபாவளியும் இல்லை.