பொங்கலும் நாமும்

தைப்பொங்கலன்று அயல்வீட்டுத் தமிழர் அழைத்தால் முஸ்லிம்களாகிய நாம் என் செய்வது? கிழக்கிலங்கையில் இரு சாராரும் அடுத்தடுத்த வயல்களில் நெல் விளைவிப்போர். சூரியனுக்குப் படைப்பது வணக்கம். ஏக இறைவனையன்றி எதனையும் வணங்காத நாம் அதிற் கலத்தல் இயலாது. ஆனால், விளைவு கண்ட உழவரின் மகிழ்ச்சியிற் பங்குகொள்வதும் அவரை வாழ்த்துவதும் வணக்கமாகா. இவ்வெல்லையை உணர்ந்தோர்க்கு அயலார் முற்றத்தை மிதிக்க அச்சமில்லை.

எனினும், பண்டிகைப் பரிமாற்றமே ஒற்றுமையென மயங்குதலும் தவறு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, ஆண்டாண்டாய்ப் பரிமாறிய பலகாரத் தட்டுகள் அவர்களைக் காக்கவில்லை. நாம் படையலிற் கலவாதிருப்பதை அயலார் மதிக்கட்டும். நம்முரிமைக்கு அவரும் அவருரிமைக்கு நாமும் குரலெழுப்பும்போதே பொங்கல் வாழ்த்து மெய்ப்பொருள் பெறும்.