கூடிக் குடியிருப்போரின் உரிமை



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிவாசல் வராந்தாவில் நான்கு வாலிபர்கள் பெட்டி படுக்கைகளுடன் உட்கார்ந்திருக்கக் கண்டேன். நம்மவர் ஒருவரின் உணவுக்கடைச் சிப்பந்திகள். இராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள். அவர்கள் தங்கியிருந்த அடுக்குமாடியின் நிர்வாகக் குழு, குடும்பமில்லாத ஆட்கள் கூட்டாகத் தங்க எந்த வீட்டையும் இனி வாடகைக்கு விடலாகாது என்று மின்தூக்கியருகே அறிவிப்பு ஒட்டிவிட்டதாம். வீட்டுக்காரர் பயந்துபோய், இவர்கள் கடையிலிருந்த நேரம் பார்த்துப் பூட்டை மாற்றிவிட்டார். சாமான்கள் வாசலில் கிடந்தன.

முதலாளியை வரவழைத்து, "வாடகைப் பத்திரம் எங்கே?" என்று கேட்டேன். "பத்திரம் எதற்கு ஹஜ்ரத், தெரிந்த மனிதர்தானே, வாயால் பேசி முடித்தோம்" என்றார்.

சகோதரர்களே, நம் பாட்டன்மார்களில் எத்தனை பேர் குடும்பத்தோடு ரஜூலா கப்பலேறி வந்தார்கள்? கடை மாடியில் பாய் விரித்து, ஒருவர் எழுந்த இடத்தில் மற்றவர் படுத்து, ஒரே சட்டியில் கஞ்சி காய்ச்சிக் குடித்தல்லவா ஊருக்குப் பணம் அனுப்பினார்கள்! தனியாட்கள் கூடி வாழ்வது குற்றமென்றால் நாம் அனைவரும் அந்தக் குற்றத்தின் பிள்ளைகளே.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் 70-வது பிரிவு, நிர்வாகக் கழகத்துக்குக் கூடுதல் உபவிதிகள் செய்யும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. ஆனால் அதற்கு விசேஷத் தீர்மானம் வேண்டும். நாலு பேர் கூடி எழுதி ஒட்டிய காகிதம் உபவிதி ஆகாது. மீறியவருக்கு விதிக்கும் அபராதமும் 200 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது. அதே பிரிவு, வீட்டை விற்பதையும் குத்தகைக்கு விடுவதையும் அதுபோன்ற பிற நடவடிக்கைகளையும் தடுக்கவோ குறைக்கவோ எந்த உபவிதிக்கும் வலுவில்லை என்றும் கூறுகிறது.

இதைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். மோன் கியாராவில் ஓர் அடுக்குமாடியின் நிர்வாகக் கழகம், பிரயாணிகளுக்கு நாள் கணக்கில் வீடு விடுவதைத் தடை செய்தது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போயிற்று. 2020-இல் தீர்ப்பு கழகத்தின் பக்கமாக வந்தது. நீதிபதிகள் சொன்ன காரணம் நம் காதில் விழவேண்டும்: அப்படித் தங்குவது வாடகைக் குடியிருப்பன்று, வெறும் அனுமதிதான், ஆகையால் சட்டத்தின் அந்தப் பாதுகாப்பு அதற்குக் கிட்டாது. கட்டிலுக்கு இவ்வளவென்று மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, ஒரு வரி எழுத்துமில்லாமல் நாம் தங்கவைத்திருக்கும் பிள்ளைகள் நாளை வழக்கென்று வந்தால் வாடகைதாரர்களா, அனுமதி பெற்றவர்களா? எதைக் காட்டி அவர்கள் நிரூபிப்பார்கள்?

பூட்டை மாற்றிய வீட்டுக்காரரும் தப்பவில்லை. வாடகைக் காலம் முடிந்த பிறகுங்கூட, குடியிருப்பவரை நீதிமன்றத்தின் மூலமாக அன்றி வெளியேற்றலாகாது என்று 1950-ஆம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீப் சட்டத்தின் 7-வது பிரிவு விதிக்கிறது. நிர்வாகக் கழகத்தின்மீது முறையிட ஸ்ட்ராட்டா தீர்ப்பாயம் உண்டு. வீட்டுச் சொந்தக்காரர் நேரே போகலாம், வாடகைதாரர் அதன் அனுமதி பெற்றுத்தான் போகமுடியும். எங்கே போனாலும் முதலில் கேட்பது பத்திரத்தைத்தான். அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியிராவிட்டால் சாட்சியமாக ஏற்கமாட்டார்கள்.

நம் மார்க்கம் இதை வெகு காலம் முன்பே தீர்த்து வைத்திருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின் பிரசித்தி பெற்ற கிதாபான மின்ஹாஜில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், வாடகைக்கு எடுத்தவர் அவ்வீட்டில் தம்மைப் போன்ற இன்னொருவரைக் குடிவைக்கலாம், கொல்லரையும் வண்ணாரையும் குடிவைக்கலாகாது என்று எழுதுகிறார்கள். கொல்லர்மீது இமாமவர்களுக்கு என்ன விரோதம்? ஒன்றுமில்லை. சம்மட்டி அடியும் துணி அடிக்கும் அடியும் கட்டடத்தைக் கெடுக்கும் என்பதே காரணம். தடை தீங்கின்மீதுதான், ஆளின்மீதன்று. இரவில் கூச்சல் கூடாது, படிக்கட்டில் சாமான் அடைக்காதே, குப்பையைக் கண்ட இடத்தில் போடாதே என்று குழு சொன்னால் அது நியாயம்; கட்டுப்படுவது நம்மீது கடமை. "இந்த நாட்டான் வேண்டாம், கல்யாணமாகாதவன் வேண்டாம்" என்பது வேறு சங்கதி.

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்திறங்கியபோது அபூ அய்யூப் அல்அன்சாரீ (ரலி) அவர்களின் வீட்டில் கீழ்த்தளத்தில் தங்கினார்கள். வீட்டுக்காரரும் மனைவியும் மேல்தளத்தில். ஒரு நாள் மேலே தண்ணீர்க் குடம் உடைந்துவிட்டது. கீழே சொட்டிவிடப் போகிறதே என்று பதறி, தம்மிடமிருந்த ஒரே போர்வையைப் போட்டு அத்தண்ணீரை ஒற்றி எடுத்தார்கள் தம்பதிகள். இன்று நம் கடைப் பிள்ளைகள் தங்கும் வீட்டில் குளியலறைக் குழாய் ஒழுகி, கீழ்வீட்டுக் கூரையில் மூன்று மாதமாகக் கறை படிந்திருந்ததாம். அந்த வீட்டு அம்மாள்தான் முதலில் குழுவுக்குப் புகார் எழுதியவர். விசாரித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பழுது பார்க்கச் சொல்லி முதலாளியிடம் பிள்ளைகள் இருமுறை கேட்டார்களாம். "பார்க்கலாம்" என்றாராம்.

கோபிக்க வேண்டாம், நெருக்கடியை உண்டாக்குகிறவர்களில் நாமும் இருக்கிறோம். மூன்று அறை வீட்டில் பன்னிரண்டு பேரை அடைத்துவிட்டு, அண்டைவீட்டார் முகம் சுளித்தால் உடனே துவேஷம் என்கிறோம். தீபகற்ப மலேசியாவில் 2020 ஜூன் முதல், தொழிலாளருக்குத் தங்குமிடம் கொடுக்கும் முதலாளி தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் பெறவேண்டும். சாதாரண வீடென்றால் படுக்கையறையில் ஆளுக்கு 3.6 சதுர மீட்டராவது வேண்டும். அளந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? கடனை எழுதிக்கொள்ளுமாறு சூரா பகராவின் 282-வது ஆயத்து விரிவாக ஏவுவதை மதரஸாவில் ஓதினோம். பத்து ரிங்கிட் சரக்குக்குப் பில் கேட்கிற நாம், பத்து மனிதர் தலைசாய்க்கும் இடத்துக்கு எழுத்துக் கேட்கவில்லை.

அடுக்குமாடிக் குழுக்களில் அங்கத்தினராக இருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிறர் வீட்டுக்குள் அனுமதியும் ஸலாமும் இன்றி நுழையலாகாது என்பது சூரா நூரின் 27-வது ஆயத்தின் கட்டளை. வாடகை வீடு என்பதால் அது வீடு இல்லாமல் போய்விடாது. ஆட்களை எண்ணிப் பார்க்கக் காவலாளியை அனுப்பிக் கதவைத் தட்டாமல் திறப்பவர்கள் இதை நினைவில் வைக்கவும்.

அன்று அஸருக்குப் பின் முதலாளியையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனேன். சட்டப் பிரிவைக் காட்டியதும் அவரும் இறங்கி வந்தார். குழுவின் காரியதரிசி, அறிவிப்புக்குத் தீர்மானம் ஏதும் இல்லையென்று ஒப்புக்கொண்டார். குழாயை முதலாளி தம் செலவில் சரிசெய்து, கீழ்வீட்டுக் கூரைக்குச் சுண்ணாம்பும் அடித்துக் கொடுத்தார். ஓராண்டுக்குப் பத்திரம் எழுதி, நான்கு பெயரையும் அதில் சேர்த்து முத்திரை போட்டாயிற்று. பிள்ளைகள் ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கிறார்கள்.