எட்டு நாள் வயதுள்ள இறைவன்

கிறிஸ்தவ வழிபாட்டு மரபில் ஜனவரி முதல் நாள் நெடுங்காலமாகப் புத்தாண்டு நாளாக அன்றி, கிறிஸ்து பிறப்பு விழாவின் எட்டாம் நாளாகவே எண்ணப்பட்டு வந்தது. யூதத் திருச்சட்டப்படி, ஆண்குழந்தைக்குப் பிறந்த எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்வது, அதாவது ஆபிரகாமோடு கடவுள் செய்த உடன்படிக்கையின் அடையாளமாக நுனித்தோலை நீக்குவது கடமை. மரியாளின் குழந்தைக்கும் அவ்வாறே செய்து இயேசு என்று பெயரிட்டதை லூக்கா நற்செய்தி தன் இரண்டாம் அதிகாரத்தில் ஒரே வசனத்தில் சொல்லி நகர்ந்துவிடுகிறது. ஆங்கிலத் திருச்சபையின் பொது வேண்டுதல் நூல் ஜனவரி முதல் நாளை விருத்தசேதனத் திருநாள் என்றே குறித்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1969-ஆம் ஆண்டு நாட்காட்டிச் சீர்திருத்தத்தில் அதனை இறைவனின் தாயாகிய மரியாளின் பெருவிழாவாக அமைத்தது. இரு மரபுகளிலும் அந்த நாளின் பொருள் பிறப்பு விழாவிலிருந்தே பெறப்படுகிறதே தவிர, ஆண்டு மாறுவதிலிருந்து பெறப்படுவதில்லை. அப்படியானால், பிறப்பு விழாவும் ஆண்டுத் தொடக்கமும் ஒரு வார இடைவெளியில் அமைந்தது வெறும் தற்செயலா, அல்லது இரண்டுக்கும் இடையே சிந்தனைக்குரிய உறவு ஏதும் உண்டா என்னும் கேள்வி எழுகிறது.

வரலாற்றளவில் அது தற்செயல்தான். ஜனவரி முதல் நாள் உரோமைக் குடியரசின் தலைமை ஆட்சியாளர்களான கான்சல்கள் கி.மு. 153 முதல் பதவியேற்ற நாள். டிசம்பர் 25 உரோமையில் கிறிஸ்து பிறப்பாகக் கொண்டாடப்பட்டதற்கு நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் ஆவணச் சான்று கிடைக்கிறது. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6-ஆம் நாளிலேயே அவ்விழாவைக் கொண்டாடுகிறது. ஆண்டு எந்த நாளில் பிறக்கிறது என்பதிலும் கிறிஸ்தவ ஐரோப்பாவுக்குள் ஒருமைப்பாடு இருந்ததில்லை. சில இடங்களில் பிறப்பு விழா நாளே ஆண்டின் முதல் நாள். இங்கிலாந்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து 1751 வரை, மரியாளுக்குத் தூதர் செய்தி சொன்ன மார்ச் 25-இல்தான் ஆண்டு தொடங்கிற்று.

ஆண்டுகளை எண்ணும் முறைக்கும் இத்தகைய கதை உண்டு. கி.பி. 525-இல் உரோமையில் வாழ்ந்த தியோனீசியுஸ் எக்சிகுவுஸ் என்னும் துறவி, உயிர்த்தெழுதல் விழா எந்த நாளில் வரும் என்று கணக்கிடும் பட்டியலைத் தயாரித்தபோது, அதுவரை புழக்கத்திலிருந்த தியோக்ளேத்தியன் ஆண்டுக் கணக்கைக் கைவிட்டார். கிறிஸ்தவர்களைக் கொன்றொழித்த பேரரசனின் நினைவை ஆண்டுகளோடு பிணைத்து வைக்க விரும்பாமல், கிறிஸ்துவின் மனுவுருவாதலிலிருந்து, அதாவது கடவுள் மனித உடலெடுத்த நிகழ்விலிருந்து, எண்ணத் தொடங்கினார். எகிப்தின் கோப்த்துத் திருச்சபையோ தியோக்ளேத்தியன் கணக்கையே விடாமல் வைத்துக்கொண்டு, அதற்கு மறைசாட்சிகளின் ஆண்டு என்று பெயர் மாற்றிக்கொண்டது. கொடியவனின் பெயரை அழிப்பது ஒரு வழி, அவன் கையில் மாண்டவர்களின் பெயரை அதன்மேல் எழுதுவது மற்றொரு வழி. இரண்டாவதே துணிச்சல் மிகுந்தது என்று தோன்றுகிறது.

தியோனீசியுஸ் கிறிஸ்து பிறந்த ஆண்டை எவ்வாறு கண்டார் என்பதை விளக்கவில்லை. அவர் கணக்கு பிழையானது என்பதில் இன்றைய ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. மத்தேயு நற்செய்தி இயேசுவின் பிறப்பை ஏரோது மன்னனின் காலத்தில் வைக்கிறது. ஏரோது இறந்தது கி.மு. 4 என்பதே பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. ஆகவே கிறிஸ்து, கிறிஸ்துவுக்கு முன் சில ஆண்டுகளாவது முந்திப் பிறந்தார் என்று சொல்ல வேண்டிய விந்தை நேர்கிறது. லூக்கா குறிப்பிடும், சிரியாவின் உரோமை ஆளுநர் சிரேனியுவின் குடிமதிப்பு கி.பி. 6-ஐ ஒட்டியது என்பதால், இரு நற்செய்திகளின் காலக் குறிப்புகளையும் இசைவாக்குவதும் எளிதாக இல்லை. இத்தனை தெரிந்தும் எந்தத் திருச்சபையும் ஆண்டு எண்ணைத் திருத்தக் கோரியதில்லை. இதைச் சோம்பல் என்று கருதிவிட இயலாது. கிறிஸ்தவ நம்பிக்கைக்கு இன்றியமையாதது கடவுள் காலத்துக்குள் வந்தார் என்பதே அன்றி, எந்த எண்ணுள்ள ஆண்டில் வந்தார் என்பதன்று. ஆனால் காலத்துக்குள் வந்தார் என்பதும் சொல்லும்போது தோன்றும் அளவுக்கு எளிய கூற்றன்று.

அகுஸ்தீன் தம் ஒப்புதல்கள் நூலின் பதினோராம் பகுதியில், காலமும் படைக்கப்பட்ட பொருளே, ஆகவே கடவுளுக்கு முன்பு என்றும் பின்பு என்றும் இல்லை என்று வாதிட்டார். அவ்வாறாயின், நேற்றைவிட இன்று ஒரு நாள் மூத்ததாகிவிட்ட குழந்தையைக் கடவுள் என்று எப்படிச் சொல்வது? கொன்ஸ்தாந்திநோபிளின் பேராயரான நெஸ்தோரியுஸ் 431-இல் எபேசு பொதுச்சங்கம் கூடிய வேளையில், இரண்டு மூன்று மாத வயதுள்ள ஒன்றைத் தம்மால் கடவுள் என்று அழைக்க இயலாது என்று கூறியதாகச் செய்தி உண்டு. எதிரிகளின் வாய்வழி வந்த செய்தி என்பதால் அவர் சொன்னது திரிக்கப்பட்டிருக்கலாம். எனினும் அது அறிவிலியின் கேள்வி அன்று, கடவுளின் மேன்மையைக் காக்க விரும்பிய ஒருவரின் நேர்மையான தயக்கம். 451-இல் கல்கெதோன் சங்கம் அளித்த விடை அத்தயக்கத்தைப் போக்கவில்லை. அதன் இரு முனைகளையும் ஒரே ஆளில் இறுகக் கட்டிவைத்தது. தெய்விகத்தின்படி காலங்களுக்கு முன்னே தந்தையிடமிருந்து பிறந்தவரும், மனிதத்தின்படி இறுதி நாட்களில் மரியாளிடமிருந்து பிறந்தவரும் ஒருவரே என்று அது அறிக்கையிட்டது. ஆகையால் எட்டு நாள் வயது என்பது கடவுள் மேல் போர்த்திய வேடமன்று. இரண்டாம் நூற்றாண்டின் இரெனேயுஸ், கிறிஸ்து குழந்தைப் பருவம் தொடங்கி மனித வாழ்வின் ஒவ்வொரு பருவத்தையும் கடந்து அவற்றைப் புனிதமாக்கினார் என்று எழுதியபோது இதே உண்மையை வேறொரு பக்கத்திலிருந்து தொட்டார்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு புத்தாண்டு பற்றிய பொதுவான எண்ணத்துக்கு மாறானது. பொதுவாக ஆண்டுத் தொடக்கம் என்பது பழைய கணக்கை மூடிவிட்டு வெற்றுப் பக்கத்தைத் திறப்பதாகக் கருதப்படுகிறது. பெத்லகேம் நிகழ்வோ காலத்தை நிறுத்தி மீண்டும் தொடங்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த காலத்துக்குள், அதன் அழுக்கோடும் கடனோடும், கடவுள் நுழைந்தார் என்பதே அதன் பொருள். மத்தேயு நற்செய்தி பிறப்பைச் சொல்லுமுன் நீண்ட வம்ச அட்டவணையை வைப்பதும், அதில் மாமனாரிடம் பிள்ளை பெற்ற தாமார், எரிகோவின் விலைமகள் ராகாப், மோவாபியப் பெண் ரூத், உரியாவின் மனைவியாயிருந்தவள் ஆகிய நால்வரையும் குறிப்பதும் இக்கருத்தோடு இயைகின்றன. மறைக்க விரும்புவோர் இத்தகைய பெயர்களை வம்ச வரலாற்றிலிருந்து நீக்கிவிடுவது உலக வழக்கம். திருவழிபாட்டு நாட்காட்டியும் அதே மனநிலையோடு, பிறப்பு விழாவின் மறுநாளில் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானையும், டிசம்பர் 28-இல் ஏரோதால் வெட்டுண்ட குழந்தைகளையும் நினைவுகூரச் செய்து, அவற்றைத் தாண்டியே எட்டாம் நாளுக்கு அழைத்துச் செல்கிறது.

உரோமையர் ஜனவரி முதல் நாளில் பரிசு வழங்கியும் குடித்தும் சூதாடியும் களித்ததற்கு, முதல் நாள் எப்படியோ ஆண்டு முழுதும் அப்படியே என்னும் சகுன நம்பிக்கையும் ஒரு காரணம். அந்தியோக்கியாவில் பேசிய யோவான் கிறிசோஸ்தோம் இதனை நேராகத் தாக்கி, நாளுக்குத் தன்னளவில் நன்மையோ தீமையோ இல்லை, மனிதரின் ஊக்கமும் சோம்பலுமே அதை வேறுபடுத்துகின்றன என்றார். ஆப்பிரிக்காவில் அகுஸ்தீன் அதே நாளில் ஆற்றிய மிக நீண்ட மறையுரையின் முழு வடிவம், 1990-இல் பிரான்சுவா டோல்போ என்னும் அறிஞர் மைன்ஸ் நகர நூலகத்துக் கையெழுத்துப் படியில் கண்டெடுத்த மறையுரைகளுள் ஒன்று. பிறர் பரிசளிக்கையில் விசுவாசிகள் பிச்சையிடவும், பிறர் விருந்துண்கையில் நோன்பிருக்கவும் அகுஸ்தீன் அதில் சொன்னார். அவ்வளவு கடுமை இன்று அரிது. ஆனால் கிறிசோஸ்தோம் கண்டித்த சகுன மனம் ஒழிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்கு ஆலயங்கள் நிரம்பி வழிகின்றன. புராட்டஸ்டாண்டு உலகில் இவ்விழிப்பு ஆராதனையைப் பரப்பியவர்களுள் மெதடிஸ்ட் இயக்கத் தலைவர் ஜான் வெஸ்லி முதன்மையானவர். இங்கிலாந்தின் கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் சனிக்கிழமை இரவுகளை மதுக்கடையில் கழித்த பழக்கத்துக்கு மாற்றாக இரவு முழுதும் செபித்ததைக் கண்ட அவர், அதைத் தம் சங்கங்களில் மாதந்தோறும் முழுநிலவை ஒட்டி அமைத்தார். அவர் 1755-இல் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனை பின்னர் ஆண்டின் தொடக்கத்தோடு சேர்ந்துகொண்டது. வேலை தந்தாலும் ஒதுக்கிவைத்தாலும், நிறைவானாலும் வெறுமையானாலும், வரும் ஆண்டைக் கடவுளின் கையிலிருந்து ஏற்பதாக அதில் மக்கள் வாக்களிக்கிறார்கள். இங்கே வாக்களிப்பவர் மனிதர் என்பது கவனத்துக்குரியது. தமிழ்ச் சபைகள் பலவற்றில் அதைவிட மிகுதியாக விரும்பப்படுவது, புத்தாண்டு ஆராதனையில் எடுக்கப்படும், விவிலிய வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை. ஒரு வசனத்தை ஆண்டு முழுதும் மனத்தில் ஏந்துவது நல்ல பக்திமுறைதான். அது கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டாக மாறும்போதுதான் கிறிசோஸ்தோமின் கண்டனம் மீண்டும் பொருந்திவிடுகிறது.

இத்தகைய அட்டைகளில் அடிக்கடி இடம்பெறும் எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் பதினோராம் வசனம், கடவுள் தம் மக்களைக் குறித்து வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கு அல்ல, சமாதானத்துக்கே உரியவை என்னும் உறுதியைத் தருகிறது. அது தனி மனிதருக்கு ஓராண்டுக்கென எழுதப்பட்டதன்று. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதத்தின் ஒரு பகுதி. இரண்டு ஆண்டுகளில் பாபிலோனின் நுகம் முறியும் என்று அனனியா என்னும் தீர்க்கதரிசி அதற்கு முந்தைய அதிகாரத்தில்தான் சொல்லியிருந்தான். எரேமியாவின் கடிதமோ எழுபது ஆண்டுகள் ஆகும், அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்யுங்கள், சிறைப்பட்டுப் போன அந்த நகரத்தின் நலனுக்காகச் செபியுங்கள் என்றது. அதை வாசித்த பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப் போவதில்லை என்பதை அந்தக் கணக்கிலேயே அறிந்திருப்பார்கள். பதினோராம் வசனத்தை அட்டையில் அச்சிடுவோர் பத்தாம் வசனத்தில் உள்ள எழுபது ஆண்டுக் கணக்கையும் சேர்த்தே அச்சிட்டால், அந்த வாக்குத்தத்தம் எத்தகையோருக்குத் தரப்பட்டது என்பது வாசிப்போருக்கு விளங்கும்.