எந்த ஊரு?

கேட்க உரிமை இல்லாத ஒருவன் ஒரு கேள்வி கேட்கிறான். அவனுக்கு உண்மையைத்தான் சொல்லியாக வேண்டுமா? மறைத்துப் பேசினால் அந்தப் பொய் யார் கணக்கில் ஏறும்? மறைத்தவள் கணக்கிலா, கேட்டவன் கணக்கிலா?

இது தர்க்கப் பயிற்சிக்கான கேள்வி இல்லை. நம் தங்கச்சி ஒருத்தி வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழி படிக்கிறாள். விழுப்புரம் பக்கத்துக் காலனிப் பெண். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் ஸ்பெயின் நாட்டுச் சலமாங்கா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தாள். லீவு நாட்களில் ஆவிலா, தொலேதோ, செவில் என்று பழைய நகரங்களையெல்லாம் பஸ்ஸில் சுற்றிப் பார்த்திருக்கிறாள். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அதையெல்லாம் சொன்னபோது இதையும் சொன்னாள்:

"அங்க எந்த ஸ்பெயின்காரனும் என் சாதியக் கேக்கலண்ணா. இந்தியாவான்னு கேப்பாங்க, அவ்ளோதான். அதுக்காக அவங்க ரொம்ப யோக்கியம்னு சொல்ல வரல. மொராக்கோவுல இருந்து வந்த கூலிக்காரங்களையும் ஜிப்சிங்களையும் எப்படிப் பாக்கறாங்கன்னும் பாத்தேன். ஆனா சாதியக் கேட்டது நம்மாளுதான். நாங்க தங்கியிருந்த வீட்ல ஒரு தமிழ்ப் பையன். மொத நாளே ஆரம்பிச்சிட்டான். எந்த ஊரு? எங்க மாமா ஊரும் அந்தப் பக்கம்தான், ஊர்ல எங்க? குலதெய்வம் எது? நான் டவுன்லயே பொறந்து வளந்தவ, எங்கப்பா வாத்தியாருன்னு சொல்லிட்டேன். அந்தப் பொய்யோடதான் போற வரைக்கும் ஒரே அடுப்புல சமைச்சோம்."

ஒரு தோழர் எழுந்து, "தலித்துன்னு சொல்ல வெட்கப்பட்டா அப்புறம் என்ன படிப்பு?" என்றார். அவள் பதில் சொல்லவில்லை.

தோழர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1990களில் நம் இயக்கத்தின் முதல் கலகமே பெயரைச் சொன்னதுதான். ஒளித்துவைக்கச் சொன்ன பெயரை மேடையில் சொன்னோம், சுவரில் எழுதினோம், பத்திரிகைக்கே பெயராக வைத்தோம். அந்த வழியில் வந்தவருக்கு மறைப்பது துரோகமாகத்தான் படும். ஆனாலும் இந்தப் பெண் மேல் குற்றம் சுமத்த முடியாது என்றே நினைக்கிறேன். அவள் நடந்து பார்த்த நகரங்களையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

சலமாங்காவில் அவள் தினமும் படியேறிப் போன மொழிப்புலக் கட்டடத்துக்கு அனாயா மாளிகை என்று பெயர். 1401இல் தொடங்கப்பட்ட சான் பர்த்தலோமே கல்லூரிக்காக எழுந்த மாளிகை. நாட்டுக்கு நீதிபதிகளையும் ஆயர்களையும் தயாரித்துக் கொடுத்த கல்லூரி அது. அதில் சேர மூளை மட்டும் போதாது, ரத்தம் சுத்தமாக இருக்க வேண்டும். லிம்பியேசா தே சாங்ரே, ரத்தத் தூய்மை என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள்.

இது எங்கிருந்து வந்தது? 1391இல் செவில் நகரில் யூதர் தெருக்கள் சூறையாடப்பட்டன. கலவரம் நாடெங்கும் பரவியது. உயிருக்குப் பயந்து ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார்கள். மாறாமல் நின்ற யூதர்களை 1492இல் நாட்டைவிட்டே துரத்தினார்கள். முஸ்லிம்களையும் பிறகு கட்டாயமாக மாற்றினார்கள். மாறியவர்கள் சும்மா விடப்பட்டார்களா? இல்லை. அவர்கள் 'புதிய கிறிஸ்தவர்'. பேரன் வந்தாலும், பேரனுக்குப் பேரன் வந்தாலும் புதியவர்தான். 1449இல் தொலேதோ நகரத்தில் ஒரு வரிக் கலகம் மூண்டது. கலகக்காரர்கள் யூத வம்சத்துக் கிறிஸ்தவர்கள் யாரும் நகரப் பதவிகளில் இருக்கக்கூடாது என்று விதி எழுதினார்கள். ஞானஸ்நானத்துக்குப் பிறகு இப்படிப் பிரிக்கக்கூடாது என்று அப்போதைய போப் ஐந்தாம் நிக்கோலாஸ் கண்டித்தார். எடுபடவில்லை. 1547இல் அதே தொலேதோவின் பேராயர் சிலிசேயோ தன் பேராலயத்துக்கே ரத்தத் தூய்மை விதியைக் கொண்டுவந்தார். ஒரு நூற்றாண்டுக்கு முன் கண்டித்த அதே பாப்பரசர் பீடம் 1555இல் இதற்கு ஒப்புதல் கொடுத்தது.

இந்தச் சிலிசேயோ யார்? பிரபு வீட்டுப் பிள்ளை இல்லை. ஏழைக் குடியானவன் மகன். பணமும் பட்டமும் படிப்பும் உள்ள புதிய கிறிஸ்தவர்களுக்கு எதிரில் நிற்க அவருக்கு இருந்த சொத்து ரத்தம் ஒன்றுதான். 1605இல் வந்த டான் குவிக்சாட் நாவலில் வரும் ஏழைச் சாஞ்சோ பான்சாவும் தான் பழைய கிறிஸ்தவன் என்று பீற்றிக்கொள்கிறான். நிலம் இல்லாதவனுக்கும் சாதி இருக்கிறது என்ற இந்த ஆறுதல் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதானே? நம் குடிசைகளைக் கொளுத்த வந்தவர்கள் எல்லோரும் பண்ணையார்களா என்ன?

ரத்தத்தை எப்படிச் சோதிப்பது? கல்லூரிக்கோ ஆலயப் பதவிக்கோ ஒருவன் விண்ணப்பித்தால், விசாரணைக்காரர்கள் அவன் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி பிறந்த ஊர்களுக்குப் போவார்கள். ஊரில் வயசானவர்களைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்பார்கள்: இவன் யார் வீட்டுப் பிள்ளை? இவன் குடும்பத்தைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது? ஆவணம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஊர்ப்பேச்சே சாட்சி. செவில் நகரத்தில் அடுத்தவர் வம்சாவளியை நோண்டி வைத்துக்கொண்டு, காசு கொடுக்காவிட்டால் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பிழைத்தவர்களே ஒரு கூட்டமாக இருந்தார்கள்.

ஆக, சலமாங்கா வீட்டில் அந்தப் பையன் கேட்டதைத்தான் அதே ஊரில் ஒரு காலத்தில் திருச்சபையும் அரசும் முத்திரை போட்டுக் கேட்டன. எந்த ஊரு? ஊருல எங்க? உலகமே நம் கொடுமையைக் குறிக்கச் சொல்லும் 'காஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அந்தத் தீபகற்பத்துச் சரக்குதான். வம்சம், இனம் என்ற பொருளில் அங்கே வழங்கிய 'காஸ்தா' என்ற சொல்லைப் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்தார்கள். நம் சாதிகளைப் பார்த்ததும் அவர்களுக்குப் பழக்கமான சொல் வாயில் வந்துவிட்டது.

இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அங்கே சிலரைப் பதவி வாசலில் நிறுத்தக் காகிதம் தேவைப்பட்டது. இங்கே தெருவே காகிதம், குளமும் சுடுகாடும் காகிதம். அங்கே மறைக்க முடிந்தது. கிராமத்தில் நம்மால் மறைக்கவே முடியாது. மறைக்கலாம் என்ற யோசனையே ஊரைவிட்டு வெளியேறிய பிறகுதான் நமக்கு வருகிறது.

இனி பொய்க்கு வருவோம். 1797இல் ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் ஒரு கட்டுரை எழுதினார். கொலைகாரன் கதவைத் தட்டி, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்பது அவர் கட்சி. பிரெஞ்சுக்காரரான பெஞ்சமின் கான்ஸ்டன்ட் அதற்கு முன்பே வேறு மாதிரி சொல்லியிருந்தார். உண்மையைப் பெற உரிமை உள்ளவனுக்குத்தான் உண்மை சொல்லும் கடமை உண்டு என்றார். குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மைதான் என்று வள்ளுவரும் இடம் கொடுத்திருக்கிறார்.

நான் கான்ஸ்டன்ட் பக்கம் நிற்கிறேன். ஆனால் இவர்கள் எல்லோரும் என்றோ ஒருநாள் நேரும் நெருக்கடியைப் பற்றிப் பேசுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இது வாடகைக்கு வீடு தேடும்போதெல்லாம் நடக்கிறது, ஹாஸ்டலில் நடக்கிறது, அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது நடக்கிறது. 'எந்த ஊரு' என்பது கேள்வி மாதிரி தெரியும். உள்ளே அது ஒரு தராசு. பதில் வந்ததும் எடை போட்டு, பக்கத்தில் உட்காரலாமா என்று முடிவு செய்யும். எடை போட எனக்கு உரிமை உண்டு என்று கேட்பவன் கேட்கும்போதே பொய் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு வருகிற பதில் ஒரு தடுப்பு. அதை முதல் குற்றம் என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

பாபாசாகேப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருந்த ஐந்து வருஷம் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே துடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். படித்துத் திரும்பி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க இடம் இல்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு ஒளிந்து தங்கினார். சில நாளில் தடி தூக்கி வந்த பார்சிகள் அவரை வெளியேற்றினார்கள். இந்தக் கதையைப் பின்னாளில் எழுதிவைத்தவரும் அவரே. அவரைக் கோழை என்று நம்மில் யாராவது சொல்வோமா? கூலிக்காரர் மகளுக்கு மட்டும் வேறு அளவுகோலா?

ஆனால் குற்றம் இல்லை என்பதாலேயே மறைத்தல் நமக்கு விடுதலை தந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. இதற்கு ஆவிலா நகரம் சாட்சி. கோட்டைச் சுவர் சூழ்ந்த அந்த ஊர் முழுக்கப் புனித தெரசாவின் பெயர்தான். அவருடைய தாத்தா தொலேதோவில் துணி வியாபாரி, யூத வம்சத்தவர். 1485இல் விசாரணை மன்றம் அவருக்குத் தண்டனை கொடுத்து, சாம்பெனித்தோ என்ற இழிவு அங்கியை மாட்டிக் கோயில் கோயிலாக ஊர்வலம் நடக்க வைத்தது. அப்படிப்பட்ட அங்கிகளைப் பெயரோடு கோயில்களில் தொங்கவிடுவதும் உண்டு, பேரப்பிள்ளைகள் வரைக்கும் ஊர் மறக்காமல் இருக்க. அந்தக் குடும்பம் ஆவிலாவுக்கு இடம் மாறியது. பிள்ளைகள் வழக்காடிப் பிரபு அந்தஸ்து வாங்கினார்கள். பேத்தி 1622இல் புனிதரானார். வம்சத்தைக் காட்டும் வழக்குக் கட்டுகள் 1946இல்தான் வெளியாயின.

குடும்பம் தப்பித்தது. விதி தப்பிக்கவிடவில்லை. தெரசா 1582இல் இறந்த பிறகு அவர் தொடங்கிய துறவு சபையே ரத்தத் தூய்மை விதியை எடுத்துக்கொண்டது. அவரே பிறகு வந்திருந்தால் அவர் கட்டிய வீட்டில் அவருக்கே இடம் இல்லை. இயேசு சபையும் 1593இல் யூத வம்சத்தவருக்குக் கதவை அடைத்தது. அந்தத் தடையின் கடைசி மிச்சம் 1946இல்தான் நீங்கியது. அதே சபையின் நோபிலி 1606இல் மதுரைக்கு வந்து, மதம் மாறுகிறவர்கள் சாதி ஆசாரங்களை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். கல்லறையில் இன்றும் சுவர் பார்க்கிற நம் கிறிஸ்தவத் தோழர்களுக்கு இதன் தொடர்ச்சியை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒருவர் மறைத்துத் தப்பிக்கலாம். எல்லோரும் மறைத்தாலும் கேள்வி சாகாது. இன்னும் கூர்மையாகத் தோண்டும். ஸ்பெயினில் அந்தக் கல்லூரிகள் 1798இல் மூடப்பட்டன. 1835இலும் 1865இலும் சட்டம் போட்டு, பதவிக்கும் திருமணத்துக்கும் ரத்தச் சான்று கேட்பதை நிறுத்தினார்கள். சட்டமும் முழுசாகப் போதவில்லை. மயோர்க்கா தீவின் பல்மா நகரில் பதினைந்து குடும்பப் பெயர்கள் யூத வம்சம் என்று ஊருக்கே தெரியும். அவர்களை இழிவுபடுத்தக்கூடாது என்று 1782இல் அரசன் ஆணையிட்டும் 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் மற்றவர்கள் அவர்களோடு சம்பந்தம் செய்யத் தயங்கினார்கள். பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிற பழக்கம் அரசாணைக்குக் கட்டுப்படவில்லை.

இங்கே ஒரு புத்திசாலி கை தூக்குவார். "சாதி கேக்கறதே தப்புன்னா சாதிச் சான்றிதழ் மட்டும் எதுக்கு?" வழக்கமான வாதம்தான். இதற்கும் ஸ்பெயினிலேயே பதில் இருக்கிறது. 1492இல் துரத்தப்பட்ட யூதர்களின் வாரிசுகளுக்குக் குடியுரிமை தர 2015இல் அந்த நாடு சட்டம் போட்டது. 2019இல் கெடு முடிவதற்குள் 1,30,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். என்ன சான்று கேட்டார்கள்? குடும்பப் பெயர், வம்சாவளி. கதவை அடைக்க நோண்டிய அதே வம்சாவளியைக் கதவைத் திறக்கக் கேட்டார்கள். 1609 முதல் 1614 வரை துரத்தப்பட்ட சுமார் 3 லட்சம் மொரிஸ்கோக்களின், அதாவது மதம் மாறிய முஸ்லிம்களின் வாரிசுகளுக்கு அந்தச் சலுகை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நீதியிலும் பாரபட்சம். ஆனால் கொள்கை தெளிவாக இருக்கிறது. அடைப்பதற்குக் கேட்பது வேறு, அடைத்ததை ஈடு செய்யக் கேட்பது வேறு. சான்றிதழ் கேட்கிற அரசுக்கு நாம் உண்மையைச் சொல்கிறோம், அந்த உண்மையைப் பெற்று நமக்கு ஒன்றைத் தரும் கடமை அதற்கு இருப்பதால். அந்தப் பையன் எதைத் தருவதற்காகக் கேட்டான்?

தோழர் சொன்ன பெருமிதத்துக்கு அப்போது என்ன இடம்? பெரிய இடம் இருக்கிறது. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இலும் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தன. 2023இல் சியாட்டில் நகரம் சட்டமே இயற்றியது. தலித் மாணவர்களும் தொழிலாளர்களும் தங்கள் அடையாளத்தை வெளியே சொல்லி, இங்கேயும் எங்களிடம் சாதி கேட்கிறார்கள் என்று சாட்சி கூறியதால்தான் அது நடந்தது. சொல்ல முடிந்தவர் சொல்வது, சொல்ல முடியாதவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அல்ல. அவர் பொய் சொல்லத் தேவையே இல்லாத நிலையை உண்டாக்க. பெயரைச் சொல்வது எப்போது, யாரிடம் என்று முடிவு செய்யும் உரிமையும் நம் விடுதலையில் ஒரு பங்கு. அந்த உரிமையைச் சாதி இந்துவும் பறிக்கக்கூடாது, நாமும் பறிக்கக்கூடாது.

எனவே தோழர், நம் வேலை வேறு இடத்தில் இருக்கிறது. ஹாஸ்டல் விதியில், வாடகை ஒப்பந்தத்தில், பங்குக் கோயிலில், வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பது குற்றம் என்று எழுத வைக்க வேண்டும். எழுதினால் மட்டும் போதாது என்று பல்மா சொல்கிறது. கேட்கிறவன் நாக்கு கூசுகிற வரைக்கும் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்: எதுக்குக் கேக்கற?