இரு நாட்டிற்கும் விடை

பொருளில் பட்ட கடனை வட்டியும் முதலுமாக அடைத்துவிடலாம். கலையில் பட்ட கடனை எவ்வாறு அடைப்பது? இவ்வினா எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவோர் ஜப்பானிய இளைஞர் நால்வர்.

ஹருவோமி ஹோசோனோ, எய்ச்சி ஓத்தாக்கி, தகாஷி மாட்சுமோட்டோ, ஷிகேரு சுசுகி ஆகியோரின் 'ஹாப்பி எண்ட்' இசைக்குழு 1970-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. கிதாரும் தாளமும் அமெரிக்கவழி வந்தவை. குழுவின் பெயரும் ஆங்கிலமே. ஆயினும் அப்பெயரை அவர்கள் ஹிராகானா எழுத்தில் எழுதினர். அயற்சொற்களை எழுதுவதற்கென்றே கதகானா என்னும் தனி வரிவடிவம் வழங்கும் நாட்டில், அயற்சொல்லுக்கு உள்ளூர் உடை உடுத்திய செயல் அது.

ராக் இசையை ஜப்பானிய மொழியில் பாடலாகுமா என்னும் வழக்கு அக்காலத்து இதழ்களில் சூடாக நடந்தது. ஆங்கிலமே தக்கது என்றார் பாடகர் யூயா உச்சிதா. அவர் கூற்றைத் தாய்மொழிப் பற்றின்மை என்று ஒதுக்குவது நேர்மையன்று. ஜப்பானிய அசைகள் ஏறத்தாழ ஒரே அளவில் நடப்பவை. ஆங்கிலத்தின் அழுத்தத்தோடு பிறந்த தாளத்தில் அவை எளிதில் அமரா. இக்குழுவினரோ சொல்லை எதிர்பாராத இடத்தில் முறித்தும், உயிரொலியை நீட்டியும் பாடிக் காட்டினர். 1971-இல் வந்த 'கசேமாச்சி ரோமன்' தட்டில், 1964 ஒலிம்பிக்கை ஒட்டி உருமாறிப்போன பழைய டோக்கியோவை மாட்சுமோட்டோவின் பாடல்கள் மீட்டெடுக்க முயல்கின்றன. மறைந்த தம் ஊரை அயலார் தாளத்தில் பாடினார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை.

இத்தகையோர் தம் இறுதித் தட்டை 1972 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துச் சன்செட் சவுண்ட் கூடத்திற் பதிவு செய்தனர். குழுவைக் கலைக்கும் எண்ணம் அதற்கு முன்பே முதிர்ந்திருந்தது. லிட்டில் ஃபீட் குழுவின் லோவெல் ஜார்ஜ் உடன் வாசித்தார். இறுதிப் பாடலை உருவாக்குவதில் வான் டைக் பார்க்ஸ் பங்குகொண்டார். இது சரணாகதி ஆகாதா?

ஆகாது என்பதே என் துணிபு. தொலைவிலிருந்து இசைத்தட்டின் வழியே கற்றவனுக்கு ஆசான் ஒரு தெய்வம். ஒரே அறையில் அமர்ந்து அவர் விரல்களைக் கண்ட பின்னரோ, ஆசானும் உழைக்கும் மனிதராகிறார். மனிதரிடம்தான் விடைபெற முடியும். போகாமலே 'வேண்டேன்' என்பது வெறும் ஊடல்.

அவ்விறுதிப் பாடலின் பெயர் 'சயோனாரா அமெரிக்கா, சயோனாரா நிப்பான்'. அமெரிக்காவுக்கு விடை கூறியது விளங்குகிறது, தாய்நாட்டிற்கும் ஏன்? ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்போன்றோரை உறுத்தும் இடம் இதுவே. பிறந்த மண்ணுக்கும் கற்ற மண்ணுக்கும் ஒருங்கே விடை சொல்பவன் நன்றி கொன்றவனா? சொல்லாமற் பிரிபவனை அவ்வாறு பழிக்கலாம். சொல்லிக்கொள்பவன், தான் அங்கே குடியிருந்ததை ஒப்புக்கொள்கிறான். மேலும் இவர்கள் இரு நாட்டிற்கும் விடை கூறியது தம் தாய்மொழிச் சொல்லாலேயே.

1972 டிசம்பர் 31-இல் குழு கலைந்தது. தட்டு 1973 பிப்ரவரியில் வெளிவந்தது. விடை கூறிய நால்வரும் ஜப்பானிலேயே இசைப்பணி தொடர்ந்தனர். மாட்சுமோட்டோ புகழ்பெற்ற பாடலாசிரியரானார். அவர் எழுதியவை ஜப்பானிய மொழிப் பாடல்கள். ஹோசோனோ 1978-இல் மின்னணுக் கருவிகளைக்கொண்டு 'யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா' என்னும் குழுவைத் தொடங்கினார். அதன் தட்டுகளை அமெரிக்கரும் வாங்கிக் கேட்டனர்.